எண் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி இயலாமை உதவித்தொகை வழக்கின் விசாரணை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதுகுவலி, மருந்துகள், மருத்துவக் குறிப்புகள், தூக்கமின்மை என்று விண்ணப்பதாரரின் கதைக்கே அதில் முக்கால்வாசி நேரம் போய்விடும். கடைசியில்தான் நீதிபதி, அதுவரை தொலைபேசி இணைப்பில் வாய் திறக்காமல் இருந்த தொழில் நிபுணரிடம் வருவார். ‘இன்ன வயது, இன்ன படிப்பு, பத்து பவுண்டுக்கு மேல் தூக்க முடியாது, எளிய வேலைகள் மட்டும் செய்ய முடியும். இப்படி ஒருவருக்கு நாட்டில் வேலை உண்டா?’ என்று கேட்பார். நிபுணர் மூன்று வேலைப் பெயர்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணையும் சொல்வார். அரை நிமிடம் ஆகாது. சில வாரங்கள் கழித்து வரும் நிராகரிப்பு முடிவின் கடைசிப் பக்கம் அந்த அரை நிமிடத்தின் மேல்தான் நிற்கும். அந்த மூன்று எண்களில் ஒன்றைக்கூட எவரும் நேரில் எண்ணிப் பார்த்ததில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் அடிப்படை. அவை மதிப்பீடுகள், நம் ஊர்ப் பேச்சில் குத்துமதிப்பு. குத்துமதிப்பு என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு சாட்சியம் தள்ளுபடி ஆகாது. ஆனால் மதிப்பிட்டவர் எதிலிருந்து தொடங்கி எந்த வழியில் அந்த எண்ணுக்கு வந்தார் என்பது பதிவில் இல்லாவிட்டால், அதன்மேல் தீர்ப்பு எழுதக் கூடாது என்று வாதாட முடியும். எனவே எண் பெரிதா சிறிதா என்ற சண்டைக்குப் போவதைவிட, எண் வந்த வழியைக் கேட்பதே விண்ணப்பதாரருக்கு லாபம்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இருக்கும் இடத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஐந்து படிகளில் பரிசீலிக்கிறது. முதல் நான்கு படிகளில் நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது: வேலையில் இல்லை, நோய் கடுமையானது, பழைய வேலைக்குத் திரும்ப முடியாது என்றெல்லாம் அவர்தான் காட்ட வேண்டும். ஐந்தாம் படியில் பொறுப்பு கைமாறுகிறது. அவரால் செய்யக்கூடிய வேறு வேலைகள் தேசியப் பொருளாதாரத்தில் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் இருக்கின்றன என்று நிர்வாகம் காட்ட வேண்டும். அந்த வேலை அவர் ஊரில் காலியாக இருக்கிறதா, மனு போட்டால் எடுத்துக்கொள்வார்களா என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அவர் வாழும் பகுதியிலோ நாட்டின் பல பகுதிகளிலோ அந்த வேலை உண்டா என்பது மட்டுமே கேள்வி. ‘அந்த வேலை எனக்கு யார் தருவார்கள்?’ என்று விசாரணையில் மனம் நொந்து கேட்பது நியாயமான ஆதங்கம்தான். ஆனால் சட்டத்தின் காதில் அது விழாது. ‘அத்தனை வேலைகள் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி விழும்.

எல்லா வழக்கிலும் இந்தக் கேள்விக்கு ஒரே எடை கிடையாது. ஐம்பது வயதைத் தாண்டியவர், உட்கார்ந்து செய்யும் வேலை மட்டுமே முடியும் என்ற நிலையில், வேறு வேலைக்கு எடுத்துப்போகும் தேர்ச்சி எதுவும் இல்லாதவராக இருந்தால், நிர்வாகத்தின் மருத்துவ-தொழில் விதி அட்டவணையே பெரும்பாலும் அவருக்குச் சாதகமாக முடிவு சொல்லிவிடும். அங்கே எண்ணைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும், அட்டவணையின் கட்டங்களில் சரியாகப் பொருந்தாத வரம்புகள் உள்ளவர்களுக்கும்தான் இந்த அத்தியாயம் தேவை.

நிபுணர் சொல்லும் வேலைப் பெயர்கள் ‘தொழில் பெயர் அகராதி’ என்ற நூலிலிருந்து வருகின்றன. டிஓடி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அமெரிக்கத் தொழிலாளர் துறை 1939-இல் அதை முதலில் வெளியிட்டது. நான்காம் பதிப்பு 1977-இல் வந்தது. அதன் திருத்தம் 1991-இல் வந்தது. அதோடு தொழிலாளர் துறை அதைக் கைவிட்டு ஓநெட் என்ற புதிய தரவுத்தளத்துக்குப் போய்விட்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் உண்டு. ஒரு பதிவைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 209.587-010 என்ற எண்ணில் இருப்பது ‘அட்ரசர்’, அதாவது முகவரி எழுதுபவர். உறைகள், அட்டைகள், விளம்பரத் தாள்கள், பொட்டலங்கள் இவற்றின்மேல் கையாலோ தட்டச்சுப் பொறியாலோ முகவரி எழுதுவது அவர் வேலை. வலிமைக்கு நேரே உட்கார்ந்து செய்யும் வேலையைக் குறிக்கும் எழுத்து இருக்கும். பயிற்சிக்கு நேரே 2 என்ற எண் இருக்கும். ஒரு மாதத்துக்குள் கற்றுக்கொள்ளக்கூடியது என்று அதற்குப் பொருள். பதிவின் கடைசியில் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்ற குறிப்புக்கு நேரே இரண்டு இலக்கங்கள் இருக்கும்: 77. கணினியில் முகவரிப் பட்டியல் அச்சிடுவது எங்கும் பரவும் முன்பே உறைந்துபோன விவரிப்பு இது. பல ஆண்டுகளாக நிராகரிப்பு முடிவுகளில் இந்த வேலை ஆயிரக்கணக்கில் ‘இருந்து’கொண்டே வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே உதவியது, நிர்வாகத்தின் சமையலுக்கு.

அகராதியின் பழமை பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதியைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்த அகராதி ஒரு வேலை எப்படி இருக்கும் என்று விவரிக்கும். எத்தனை இருக்கிறது என்று சொல்லாது. எண்ணிக்கை வேறோர் இடத்திலிருந்து வருகிறது. தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் நிறுவனங்களிடம் கணக்கெடுத்து வேலைவாய்ப்பு எண்ணிக்கைகளை வெளியிடுகிறது. ஆனால் அது டிஓடி எண்களின்படி கணக்கெடுப்பதில்லை. எஸ்ஓசி என்ற தரப்படுத்தப்பட்ட தொழில் வகைப்பாட்டின் சுமார் 800 தொகுதிகளின்படி எடுக்கிறது. பன்னிரண்டாயிரம் பெயர்கள் எண்ணூறு பைகளில் கிடக்கின்றன. ஒவ்வொரு பையின் மொத்த எடை நமக்குத் தெரியும். பைக்குள் கிடக்கும் ஒவ்வொரு சாமானின் எடை யாருக்கும் தெரியாது. சில பைகளில் ஒன்றிரண்டு பெயர்களே இருக்கும். ‘வேறெதிலும் அடங்காத உற்பத்தித் தொழிலாளர்கள்’ என்ற பையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிஓடி பெயர்கள் கிடக்கின்றன. அவற்றில் பாரம் தூக்குவது, நின்றே செய்வது, ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டியது எல்லாம் கலந்திருக்கும். அந்தப் பையின் மொத்தத் தொகையை எடுத்து, உட்கார்ந்து செய்யும் ஒரு பெயருக்கு நேரே யாராவது எழுதினால், அது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு.

பையிலிருந்து சாமானுக்கு இறங்க நிபுணர்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். முதலாவது சமப் பங்கு: பையின் மொத்தத்தை அதிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. எல்லாப் பெயர்களுக்கும் ஒரே அளவு வேலை இருக்கும் என்று இதில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஒரு தெருவில் இருக்கும் மொத்த ஜனத்தொகையை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டு, மூன்றாம் வீட்டில் நான்கரைப் பேர் இருக்கிறார்கள் என்று சத்தியம் செய்வது போன்றது இது. 7ஆம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 2014-இல் பிரவுனிங் வழக்கிலும் 2015-இல் அலாரா வழக்கிலும் இந்த முறையைக் கடுமையாகச் சாடினார். இரண்டாவது மென்பொருள். ஸ்கில்டிரான் நிறுவனத்தின் ஜாப் பிரவுசர் புரோ, எந்தத் தொழில்துறையில் எந்த வேலை இருக்கும் என்று பார்த்து, தொகுதி மொத்தத்தைத் துறைவாரியாகப் பிரித்து மதிப்பிடுகிறது. சமப் பங்கைவிட இது தேவலை. ஆனால் இதன் விடையும் மதிப்பீடுதான்; எந்தத் துறைகளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறும். மூன்றாவது ‘என் அனுபவம்’. நிபுணர் மொத்த எண்ணை எடுத்து, தம் தொழில் அனுபவத்தைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் குறைத்துச் சொல்வார். சிலருக்கு உண்மையிலேயே அந்த அனுபவம் உண்டு. எந்த அனுபவத்திலிருந்து எந்தச் சதவீதம் வந்தது என்று கேட்கும்போதுதான் அது அனுபவமா பழக்கமா என்பது தெரியவரும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிபுணர் ‘1,20,000 வேலைகள்’ என்கிறார். கேட்டால் அது தொகுதி எண் என்று தெரிகிறது. அந்தத் தொகுதியில் 60 டிஓடி பெயர்கள். சமப் பங்கு போட்டால் பெயருக்கு 2,000. அறுபதில் உட்கார்ந்து செய்யக்கூடிய, பயிற்சி வேண்டாத பெயர்கள் மூன்று என்றால், மூன்றும் சேர்ந்து 6,000. புள்ளியியல் அலுவலகத்தின் எண்ணிக்கையில் முழுநேரமும் பகுதிநேரமும் கலந்திருக்கும். நிர்வாகமோ ஒருவரின் எஞ்சிய செயல்திறனை நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்ற அளவில்தான் அளக்கிறது. பகுதிநேர வேலைகளைக் கழித்தால் இன்னும் குறையும். பகுதிநேர வேலையை ஐந்தாம் படியில் எண்ணக் கூடாது என்று எல்லா நீதிமன்றங்களும் சொல்லிவிடவில்லை. அதனால் இதை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம். 1,20,000-இல் தொடங்கியது 6,000-க்கும் கீழே வந்து நிற்கிறது. இந்த 6,000 சரியான விடை என்று நாம் சொல்லவில்லை. ஒரே சாட்சியத்திலிருந்து இருபது மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு விடைகளை எடுக்க முடிகிறது என்றால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்ததற்கான காரணம் பதிவில் இருக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

விசாரணையில் கேட்கும் வரிசை முக்கியம். ‘உங்கள் எண் தவறு’ என்று தொடங்கினால் நிபுணர் முப்பது ஆண்டு அனுபவத்தைச் சொல்லி முடித்துவிடுவார்; நீதிபதியும் ‘அடுத்த கேள்வி’ என்பார். சின்னச் சின்னக் கேள்விகளாக, ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான, தெளிவான விடை வரும்படி போக வேண்டும். ‘நீங்கள் சொன்ன வேலையின் டிஓடி எண் என்ன?’ என்று தொடங்கலாம். ‘நீங்கள் சொன்ன எண்ணிக்கை அந்த ஒரு பெயருக்கா, அது சேர்ந்திருக்கும் எஸ்ஓசி தொகுதி முழுவதற்குமா?’ என்பது இரண்டாவது. மொத்தச் சண்டையும் பல நேரம் இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும். ‘எந்தத் தொகுதி? அதன் எண் என்ன?’ என்று கேட்டு விடையை எழுதிக்கொள்ளுங்கள். ‘அந்தத் தொகுதியில் எத்தனை டிஓடி பெயர்கள்?’, ‘அவற்றில் நீதிபதி விவரித்த கற்பனை மனிதரால் செய்யக்கூடியவை எத்தனை?’, ‘தொகுதி மொத்தத்திலிருந்து இந்த எண்ணுக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று ஒவ்வொரு படியாக இறங்குங்கள். விடை மென்பொருள் என்றால் பெயரையும் எந்த ஆண்டுத் தரவு என்பதையும் கேளுங்கள். விடை அனுபவம் என்றால், ‘இந்த வேலையை ஒருவர் செய்வதை நீங்கள் கடைசியாக நேரில் பார்த்தது எப்போது?’ என்று கேளுங்கள். எந்தக் கேள்விக்காவது ‘தெரியாது’ என்று விடை வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தத் ‘தெரியாது’ ஒலிப்பதிவில் ஏறிவிட்டது. அதை விளக்கும்படி நிபுணரை வற்புறுத்தினால், அவர் யோசித்து ஒரு விளக்கம் கொடுத்து, நீங்களே திறந்த ஓட்டையை அடைத்துவிடுவார்.

தொகுதி எண்ணைக் கேட்டு வாங்குவது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். 11ஆம் சர்க்யூட் 2020-இல் தீர்த்த குட் வழக்கு அதன் மதிப்பைக் காட்டும். கன்வேயர் வரிசையில் வேலை செய்யும் பேக்கரித் தொழிலாளி என்ற வேலையைச் சொன்ன நிபுணர், அது சேராத ஒரு தொகுதியின் எண்ணிக்கையை எடுத்திருந்தார். அந்தத் தொகுதியில் விண்ணப்பதாரரால் செய்யக்கூடியவை எத்தனை என்று பிரித்துச் சொல்லவும் இல்லை. நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. தவறான தொகுதி என்பதைக் காட்டப் புள்ளியியல் மேதை வேண்டாம். நிபுணர் சொன்ன எண்ணும், எந்த டிஓடி பெயர் எந்த எஸ்ஓசி தொகுதியில் சேரும் என்று காட்டும், பொது வெளியில் கிடைக்கும் பொருத்த அட்டவணையும் போதும். ஆனால் நிபுணர் வாயால் தொகுதி எண் வராமல் இருந்திருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது.

‘2019-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கதவை மூடிவிட்டதே’ என்று வக்கீல்களே சொல்வதுண்டு. பீஸ்டெக் வழக்கில் நடந்தது இது. கட்டுமானத் தொழிலாளியான விண்ணப்பதாரருக்கு 2,40,000 பெஞ்ச் அசெம்பிளர் வேலைகளும் 1,20,000 தரம் பிரிக்கும் வேலைகளும் நாட்டில் இருப்பதாக நிபுணர் சொன்னார். எண்கள் புள்ளியியல் அலுவலகத்திலிருந்தும் தாம் எடுத்த சந்தை ஆய்வுகளிலிருந்தும் வந்தவை என்றார். ஆய்வுகளைக் காட்டச் சொன்னபோது, அவை வாடிக்கையாளர்களின் ரகசியக் கோப்புகளில் இருப்பதாகச் சொல்லி மறுத்தார், நீதிபதியும் வற்புறுத்தவில்லை. நிபுணர் தரவைக் காட்ட மறுத்துவிட்டாலே சாட்சியம் விழுந்துவிடும் என்ற பொது விதியை ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிபதி எலெனா கேகன் எழுதிய தீர்ப்பு அது. நீல் கோர்சச் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் சேர்ந்துகொண்டார். சோனியா சோட்டோமேயர் தனியாக எழுதினார். அரசியல் சாசன வழக்குகளில் எதிரெதிர் முகாம்களில் நின்ற கோர்சச்சும் கின்ஸ்பர்க்கும் ஒரு முகவரி எழுதும் வேலை அளவுக்குச் சின்னதாகத் தெரியும் விஷயத்தில் ஒன்றுசேர்ந்தது கவனிக்கத்தக்கது.

அந்தத் தீர்ப்பு மூடியது ஒரு குறுக்குவழியை மட்டுமே. காட்ட மறுத்தால் தானாகவே தோல்வி என்ற விதி போய்விட்டது. ஒவ்வொரு வழக்கின் பதிவையும் அதனதன்படி பார்க்க வேண்டும் என்ற விதி நிற்கிறது. பதிவில் என்ன இருக்கிறது என்பது அதனால் முன்னைவிட முக்கியமாகிவிட்டது. பீஸ்டெக்குக்குப் பிறகும் 7ஆம் சர்க்யூட் 2022-இல் ரூங்கர் வழக்கைத் திருப்பி அனுப்பியது. கேள்வி கேட்கப்பட்ட நிபுணரின் விடையிலிருந்து அவருடைய முறை நம்பத்தக்கதா என்று தெரியவில்லை என்பதே காரணம். அதே நீதிமன்றம் 2023-இல் லீஸ்காங் வழக்கில், விசாரணையில் எதிர்ப்புத் தெரிவிக்காதவர் பிறகு வந்து கேட்க முடியாது என்றது. 9ஆம் சர்க்யூட்டின் ஷைபி வழக்கும் அதே வழியில், எண்ணைப் பற்றிய புகாரை நிர்வாக மட்டத்திலேயே எழுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கேட்டவருக்குச் சில நேரம் வழி திறக்கிறது. கேட்காதவருக்குப் பெரும்பாலும் அடைபடுகிறது.

நிர்வாகமே தன் விதிகளை அண்மையில் மாற்றியிருப்பதையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூனில் அது இரண்டு அறிவுறுத்தல்களை வெளியிட்டது. ஒன்று, 114 டிஓடி தொழில்களைச் சில இடங்களில் மட்டுமே இருக்கும் அரிய தொழில்கள் என்று பட்டியலிட்டு, அவற்றை வைத்து எவரையும் நிராகரிக்கக் கூடாது என்றது. இன்னொன்று 13 தொழில்களைப் பற்றியது. முகவரி எழுதுபவர், கொட்டை தரம் பிரிப்பவர், கையால் பாதாம் தோல் நீக்குபவர், காந்த நாடா சுற்றுபவர், பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டுபவர், கண்காணிப்புக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எல்லாம் அதில் உண்டு. இந்தப் பதின்மூன்றில் ஒன்றை வைத்து நிராகரிப்பதானால், அந்த வேலை இன்றைக்கும் அகராதி சொல்லும் விதத்தில் நடக்கிறது, குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் இருக்கிறது என்பதற்குக் கூடுதல் சான்று வேண்டும். விசாரணைக்குப் போகும்போது இந்த இரண்டு பட்டியல்களையும் அச்செடுத்து மேசைமேல் வைத்துக்கொள்வது செலவில்லாத தயாரிப்பு. அடுத்து, 2025 ஜனவரி 6 முதல் எஸ்எஸ்ஆர் 24-3பி என்ற ஆணை நடைமுறையில் இருக்கிறது. நிபுணரின் சாட்சியம் அகராதியோடு முரண்படுகிறதா என்று நீதிபதியே கேட்டுத் தீர்க்க வேண்டும் என்ற 2000-ஆம் ஆண்டின் பழைய கடமையை அது எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, நிபுணர் தம் தரவு மூலத்தைச் சொல்ல வேண்டும், எண்ணிக்கையை எப்படி மதிப்பிட்டார் என்பதைப் பொதுவாக விளக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்திருக்கிறது எனலாம். முன்பு நீதிபதி சுமந்த வேலை இப்போது விண்ணப்பதாரரின் பிரதிநிதி தலையில் இறங்கியிருக்கிறது. ஆனால் ‘எப்படி மதிப்பிட்டீர்கள்?’ என்ற கேள்வியைத் தேவையற்ற குறுக்கு விசாரணை என்று இனி எவரும் தள்ள முடியாது. நிர்வாகத்தின் ஆணையே அந்த விளக்கத்தை எதிர்பார்க்கிறது.

எண்ணைத் தாக்க வருபவர்களுக்கு இயல்பாக எழும் ஆசை, போட்டிக்கு ஓர் எண்ணைக் கொண்டுவருவது. ஜாப் பிரவுசர் புரோவைத் திறந்து, அது காட்டும் சின்ன எண்ணை அச்செடுத்து நிர்வாகத்தின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்புவார்கள். 9ஆம் சர்க்யூட் 2022-இல் ஒயிட் வழக்கில் இப்படி வந்த எண்ணை ஏற்று, வித்தியாசம் பெரிது, விளக்கம் வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதைப் பார்த்துப் பலர் உற்சாகமானார்கள். ஆனால் அதே ஆண்டில் கில்பேட்ரிக் வழக்கில், வக்கீல் தாமே சமப் பங்கு போட்டுத் தயாரித்த எண்ணை அந்த நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. 2023-இல் விஷ்மன் வழக்கில், மென்பொருள் பக்கங்களை வெறுமனே இணைத்து அனுப்பியது போதாது என்றது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும்: நாம் நிபுணரிடம் கேட்கும் அதே கேள்வியை நீதிமன்றம் நம்மிடமும் கேட்கிறது. எந்தத் தரவு, எந்தத் தேர்வுகள், எந்த வழி என்று விளக்காமல் கொடுத்தால் நம் எண்ணும் குத்துமதிப்புத்தான். எதிர் எண் கொடுப்பதானால், நிபுணர் பின்பற்றியதாகச் சொன்ன அதே முறையைப் படிப்படியாகச் செய்து காட்டி, முடிந்தால் இன்னொரு தொழில் நிபுணரின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். அந்தச் செலவு பலருக்குக் கட்டுப்படியாகாது. அவர்கள் வழியைக் கேட்பதோடு நிற்பதே நல்லது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, ‘இதைவிட நல்ல தரவு எவரிடமும் இல்லை, பிறகு நிபுணரைக் குறை சொல்லி என்ன பயன்?’ என்பது. உண்மைதான், டிஓடி பெயர்வாரியான நம்பத்தக்க எண்ணிக்கை எங்கும் கிடையாது. ஆனால் ஐந்தாம் படியில் நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. தரவு இல்லாத நஷ்டம் பொறுப்பு யாருடையதோ அவர் தலையில்தான் விழ வேண்டும். 1991-க்குப் பிறகு திருத்தப்படாத அகராதியை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது விண்ணப்பதாரர் செய்த தேர்வல்ல. புதிய தொழில் தகவல் அமைப்பு ஒன்றைக் கட்ட நிர்வாகம் 2012-இலேயே புள்ளியியல் அலுவலகத்தோடு உடன்பாடு செய்துகொண்டது; அந்த ஆய்வின் தரவுகள் வெளியாகிக்கொண்டும் இருக்கின்றன. நல்ல தரவுக்கான வழி நிர்வாகத்தின் கையில் இருக்கும்போது, அது இல்லை என்பதை விண்ணப்பதாரருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. இதையும் அளவோடு சொல்ல வேண்டும்: போதிய சான்று என்று சட்டம் கேட்கும் அளவு தாழ்வானது. துல்லியத்தைக் கேட்டால் தோற்போம். விளக்கத்தைக் கேட்டால் வெல்ல வாய்ப்புண்டு.

இரண்டாவது எதிர்வாதத்தை நேர்மையாக ஏற்க வேண்டியிருக்கும். எண் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது, பத்தில் ஒன்பது பங்கு தவறென்றாலும் மிஞ்சுவது போதும் என்பார்கள். எத்தனை இருந்தால் ‘குறிப்பிடத்தக்கது’ என்று சட்டத்தில் எண் இல்லை. நீதிமன்றங்கள் எழுதிய எல்லைகள்தான் உண்டு. 9ஆம் சர்க்யூட் 2012-இல் பெல்ட்ரன் வழக்கில் நாடு முழுவதும் 1,680 வேலைகள் போதாது என்றது. 2014-இல் குட்டியரஸ் வழக்கில் 25,000 போதும் என்றது, அதுவும் மயிரிழையில். 8ஆம் சர்க்யூட் 1997-இல் 10,000-ஐ ஏற்றிருக்கிறது. ஆக, மூன்று வேலைகளில் இரண்டை உடைத்துவிட்டு, மூன்றாவதில் மிஞ்சும் ஐம்பதாயிரத்தை விட்டுவிட்டால், செய்த வேலை எல்லாம் வீண். நீதிமன்றம் அதைத் தீங்கற்ற பிழை என்று ஒரே வரியில் தள்ளிவிடும். மூன்றையும் தொட வேண்டும், இல்லையென்றால் ஒன்றையும் தொடாமல் வேறு வழி பார்க்க வேண்டும். பல வழக்குகளில் அந்த வேறு வழி எண்ணைவிட வலுவானது. ‘இந்த மனிதர் மாதத்தில் மூன்று நாள் வரமாட்டார் என்றால்?’, ‘வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கவனம் கலைந்திருப்பார் என்றால்?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான நிபுணர்கள் ‘அப்படியானால் வேலை எதுவும் இல்லை’ என்பார்கள். மருத்துவர் குறிப்பில் அதற்கு ஆதாரம் இருந்தால் எண்ணைத் தேட வேண்டிய தேவையே இல்லை. குறுக்கு விசாரணைக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால், முதல் ஐந்து நிமிடம் இதற்குப் போக வேண்டும்.

தமிழ் பேசும் விண்ணப்பதாரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாமை முன்பு கல்வி என்ற தலைப்பின்கீழ் அட்டவணையில் கணக்காயிற்று; 2020 ஏப்ரல் 27 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. அதற்காக நிபுணர் சொல்லும் வேலையின் மொழித் தேவையைக் கேட்பது வீண் என்று ஆகாது. டிஓடி-யில் ஒவ்வொரு வேலைக்கும் மொழி அளவு குறித்திருக்கிறது. விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரை நிர்வாகம் இலவசமாகத் தரும். ஆனால் எண்களும் குறியீடுகளும் வரும் பகுதியை, ஒவ்வோர் இலக்கமாக, பிரதிநிதியே ஆங்கிலத்தில் குறித்துக்கொள்வது பாதுகாப்பு. லட்சமும் மில்லியனும் குழம்பிப்போன ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போக முடியாது.

நேரக் கெடுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசாரணை அறிவிப்பு குறைந்தது 75 நாள் முன்பே வரும். நிபுணரின் ஆவணங்களுக்குச் சம்மன் வேண்டுமென்றால் விசாரணைக்குப் பத்து வேலைநாள் முன்னதாகக் கேட்க வேண்டும். எழுத்துச் சான்றுகளை ஐந்து வேலைநாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், அல்லது இருக்கிறது என்றாவது தெரிவிக்க வேண்டும். நிபுணரின் எண் விசாரணையின்போதுதான் முதன்முதலாகக் காதில் விழும் என்பதால், ‘பதிவை மூடாமல் வையுங்கள், எழுத்தில் எதிர்ப்புத் தருகிறேன்’ என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். பாதகமான முடிவு வந்தால் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக 60 நாள். அங்கும் தோற்றால் மாவட்ட நீதிமன்றத்துக்கு மறுபடி 60 நாள்.

முடிவு கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, விசாரணையின் ஒலிப்பதிவை வாங்கி, நிபுணர் பேசிய பகுதியை மட்டும் இரண்டு முறை கேட்பது. அவர் ‘இந்தத் தொகுதியில் சுமார் இத்தனை’ என்று சொல்லியிருப்பார். முடிவில் ‘இந்த வேலை இத்தனை’ என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே ஒரு தாளில் எழுதி, ஒலிப்பதிவின் நிமிடமும் நொடியும் குறித்து, மேல்முறையீட்டு மனுவின் முதல் பக்கத்தில் வையுங்கள்.